நூலின் எடையில் பறக்கும் இரை

தூண்டில் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: எடை இருந்தால்தான் இரை தூரம் போகும். அதற்காகத்தான் முள்ளுக்கு மேலே ஈயக்குண்டு கட்டுகிறோம். குண்டு முன்னே பறக்க, தங்கூசி நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃபிளை ஃபிஷிங் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. இதில் இரை என்பது, முள்ளைச் சுற்றிக் கொஞ்சம் ரோமமும் மினுக்கு இழையும் வைத்துக் கட்டிய ஒரு பொய் உயிர். அதற்கு ‘ஃபிளை’ என்று பெயர். எடை ஒரு கிராம்கூடத் தேறாது. கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். அதைப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால், காற்றை எதிர்த்து, ஓசைப்படாமல், நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு மீனுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஆற்று மீன்களைப் பிடிப்பதற்காக ஐரோப்பாவில் வளர்ந்த இந்த முறை, இருபதாம் நூற்றாண்டில் ஃபுளோரிடா, பஹாமாஸ் பக்கம் கடலிலும் பரவியது. இன்று இதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் முக்கியமானது, பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் கிறிஸ்துமஸ் தீவு.

வெள்ளை மணல் திட்டுகள்

ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இதே பெயரில் இன்னொரு தீவு இருக்கிறது. நாம் பேசுவது கிரிபட்டி நாட்டுக்குச் சொந்தமான தீவு. ஹவாயின் ஹோனலூலுவிலிருந்து தெற்கே சுமார் 2,100 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய இரண்டு பாகை வடக்கே. 1777 டிசம்பர் 24 அன்று கேப்டன் ஜேம்ஸ் குக் வந்து சேர்ந்ததால் இந்தப் பெயர். 1957-58இல் பிரிட்டனும் 1962இல் அமெரிக்காவும் அணுகுண்டுச் சோதனை நடத்திய இடம் என்பதும் இதன் வரலாற்றில் உண்டு. நிலப்பரப்பு 388 சதுர கிலோமீட்டர். நிலப்பரப்பில், உலகின் பவள வட்டத் தீவுகளில் இதுவே மிகப் பெரியது.

தீவின் நடுவில் உள்ள கடற்கழியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் வெள்ளை மணல் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. ஏற்றத்தின்போது கடல்நீர் இந்தத் திட்டுகளின் மேல் ஏறும். நண்டு, இறால், புழுக்களைத் தேடி மீன்களும் கூடவே ஏறும். வற்றம் தொடங்கியதும் தண்ணீரோடு இறங்கிவிடும். அந்த இடைப்பட்ட நேரத்தில் திட்டின் மேல் நடந்து, மீனைக் கண்ணால் கண்டு, அந்த ஒரு மீனுக்காக மட்டும் ஃபிளையை வீசுவதுதான் இங்கே நடக்கும் மீன்பிடிப்பு. குத்துமதிப்பாகக் கடலில் போட்டுவிட்டுக் காத்திருப்பதற்கு இதில் இடமில்லை.

தேடப்படும் மீனின் பெயர் போன்ஃபிஷ். உள்ளூர் மக்கள் இதை ‘இகாரி’ என்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கும். உருண்டு நீண்ட வெள்ளி உடல், ஆழப் பிளந்த வால், கீழ்நோக்கிய வாய். பார்த்தால் கெண்டை இனம் என்று தோன்றும். ஆனால் உறவு முறையில் விலாங்குக்கு நெருக்கமானது. அதன் குஞ்சுப் பருவம் இதற்குச் சாட்சி. முட்டையிலிருந்து வெளிவரும் உயிர், விலாங்குக் குஞ்சைப் போலவே கண்ணாடியாய்த் தெரியும் ஒரு நாடாவாகக் கடலில் மிதந்து வளர்கிறது. உருமாறும் காலம் வந்ததும் அந்த நாடா முதலில் சுருங்கிக் குறுகி, அதன் பிறகே மீன் வடிவம் எடுத்து மறுபடி வளரத் தொடங்குகிறது.

சாட்டையின் விதி

எடையில்லாத ஃபிளை எப்படிப் பறக்கிறது? எடை நூலில் இருக்கிறது என்பதுதான் விடை. ஃபிளை நூல் சாதாரண நரம்பைவிடப் பல மடங்கு தடிமனானது. பிளாஸ்டிக் பூச்சு பூசியது. எடையை வைத்து நூலுக்கு எண் கொடுப்பார்கள். போன்ஃபிஷுக்கு வழக்கமாகப் பயன்படுவது எட்டாம் எண். அதன் முதல் 30 அடி சுமார் 13.6 கிராம் இருக்க வேண்டும் என்பது தர அளவு. அதற்கேற்ற தடி ஒன்பது அடி நீளக் கார்பன் இழைத் தடி. நூலின் நுனியில் ஒன்பது முதல் பன்னிரண்டு அடிக்கு, போகப் போக மெலியும் நிறமற்ற நரம்பு. அதன் முனையில் ஃபிளை.

மாட்டுவண்டிக்காரர் சாட்டை சொடுக்குவதைப் பார்த்திருந்தால் இந்த வீச்சின் சூட்சுமம் பாதி புரிந்துவிடும். கைப்பிடியில் கொடுத்த வேகம் ஒரு வளைவாக உருண்டு நுனி வரை ஓடுகிறது. ஃபிளை வீச்சிலும் அதேதான். தடியைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தினால் நூல் தலைக்கு மேலே வளைவாக உருண்டு பின்பக்கம் நீளும். அது முழுதாக நீண்டதும் தடியை முன்னால் விரட்டி, மறுபடி சட்டென்று நிறுத்த வேண்டும். நூலின் எடை தடியை வில்லாக வளைக்கும். நிறுத்தும்போது வில் நிமிர்ந்து, நூல் முன்னால் உருளும். கடைசியாக மெல்லிய நரம்பும் விரிந்து, ஃபிளை தண்ணீரில் இறங்கும்.

புதியவர்கள் தடுமாறுவது அந்தக் காத்திருப்பில். பின்னால் போன நூல் நீள்வதற்குள் கை பரபரத்து முன்னால் வந்துவிடும். காதருகே ‘படீர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பார்த்தால் நரம்பின் நுனியில் ஃபிளை இருக்காது, அறுந்து போயிருக்கும். இதற்கு மருந்து, தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதுதான். தேர்ந்தவர்களும் இப்படிப் பார்ப்பதுண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த எதிரி காற்று. இந்தத் தீவில் கிழக்கிலிருந்து வணிகக் காற்று ஆண்டின் பெரும்பகுதி வீசும். காற்றைக் கிழித்துப் போக, நூலின் வளைவு குறுகலாகவும் வேகம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இதற்காக, வலக்கை தடியை வீசும் அதே நொடியில் இடக்கை நூலைக் கீழே ஓர் இழுப்பு இழுத்துவிடும். பின்வீச்சுக்கு ஒன்று, முன்வீச்சுக்கு ஒன்று என்று இரட்டை இழுப்பு. இந்த ஒரு பழக்கம் கைவந்தால் பலம் குறைந்தவரும் எதிர்காற்றில் வீசலாம். வலக்கைக்காரர் முடிந்தவரை காற்று இடத்தோளில் படும்படி நிற்பது நல்லது. வலப்பக்கம் இருந்து அடித்தால் முள் உடம்பை நோக்கித் தள்ளப்படும்.

கண்ணுக்குத் தப்பும் மீன்

வீசக் கற்றவர்களுக்கும் இங்கே முதல் நாள் திணறல்தான், ஏனென்றால் மீன் கண்ணில் படாது. போன்ஃபிஷின் செதில்களில் உள்ள நுண் படிகங்கள் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. வெள்ளை மணலுக்கு மேல் நின்றால் அது மணலின் நிறம். பாசிக்கு மேல் நின்றால் பாசியின் நிறம். அனுபவமுள்ள உள்ளூர் வழிகாட்டிகள் மீனைத் தேடுவதில்லை, மீனின் அடையாளங்களைத் தேடுகிறார்கள். உடல் மறைந்தாலும் நிழல் மணலில் விழும். கூட்டமாக நகர்ந்தால் மேல்நீரில் காற்றுக்குப் பொருந்தாத ஒரு நடுக்கம் தெரியும். தலையைக் கவிழ்த்து மணலைக் கிளறும்போது வால் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும். பால்கெண்டையும் மடவையும்கூட இதே திட்டுகளில் திரியும். நீந்தும் விதத்தை வைத்து அவற்றை ஒதுக்கத் தெரிய வேண்டும்.

இதில் போலராய்டு கண்ணாடி இல்லாமல் காரியம் நடக்காது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வது. அந்த அதிர்வை மட்டும் தடுக்கும்படி கண்ணாடி செய்யப்பட்டிருப்பதால் கூச்சம் விலகி, அடியில் உள்ள மணல் தெரிகிறது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடந்தால் இன்னும் தெளிவு.

மீனும் நம்மைப் பார்க்கிறது. ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பவை மீனுக்கு நசுங்கி மங்கலாகத் தெரியும். உயரமாக நிற்பவை தெளிவாகத் தெரியும். மீன் நெருங்கி வரும்போது வழிகாட்டி குனியச் சொல்வது இதனால்தான். திசை சொல்லக் கடிகார முகத்தைப் பயன்படுத்துவார்கள்: நேர் எதிரே பன்னிரண்டு மணி, இடக்கைப் பக்கம் ஒன்பது மணி. “பதினொரு மணி, நாற்பது அடி” என்று குரல் வந்தால் முதலில் தடியை அந்தத் திசையில் நீட்டிக் காட்ட வேண்டும். அவர் திருத்திய பிறகே வீச வேண்டும்.

மேல்நோக்கிய முள்

ஃபிளைகளில் போன்ஃபிஷுக்கென்றே பேர்போன ஒன்று ‘கிரேஸி சார்லி’. 1977இல் பஹாமாஸின் ஆன்ட்ரோஸ் தீவில் அமெரிக்கரான பாப் நௌஹெய்மும் உள்ளூர் வழிகாட்டி சார்லி ஸ்மித்தும் உருவாக்கியது. இதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பொறியியல் புரியும். முள்ளின் தலைப்பகுதியில் மணிச்சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு உலோகக் குண்டுகள் கண்களாகக் கட்டப்பட்டிருக்கும். தண்ணீரில் விழுந்ததும் அந்தச் சிறு எடை ஃபிளையைக் குப்புறப் புரட்டிவிடும். முள்நுனி மேல்நோக்கி நிற்கும். மணலில் இழுத்தாலும் பவளத்திலோ பாசியிலோ எளிதில் மாட்டாது. தரையில் விழுந்து, இழுக்கும்போது துள்ளி, விட்டால் மறுபடி தரையில் இறங்கும். பார்ப்பதற்குப் பயந்தோடும் இறாலேதான்.

வீசும் இடமும் முக்கியம். மீன் தலைமேல் போட்டால் மிரண்டு ஓடும். அது வரும் வழியில் இரண்டு மீட்டர் முன்னால் போட்டு, அடியில் இறங்கவிட்டு, மீன் அருகில் வந்ததும் விரற்கடை அளவாக நூலை இழுக்க வேண்டும். ஃபிளை எப்போதும் மீனைவிட்டு விலகி ஓட வேண்டும். இறால் தானாக மீனை நோக்கிப் பாய்வதில்லை. அப்படி ஒன்று வந்தால் போன்ஃபிஷ் திரும்பி ஓடிவிடும்.

அது இரையைக் கவ்வும் நொடியில் புதியவரின் கை தடியைத் தூக்கும். ஆற்று மீனுக்கு அது சரி. இங்கே தடியைத் தாழ்வாக, நேராக மீனை நோக்கி நீட்டியபடி, இடக்கையால் நூலை நீளமாக ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். முள் மாட்டாவிட்டாலும் ஃபிளை மணலிலேயே கிடக்கும். மீன் திரும்பி வந்து மறுபடி கவ்வலாம். தடியைத் தூக்கினால் இரை மேலே பறந்து மறைந்துவிடும், வாய்ப்பும் போய்விடும்.

முள் மாட்டிய பிறகு முறை மாறுகிறது. மீன் ஆழ்கடலை நோக்கி ஓடத் தொடங்கும். ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டர் நூலை இழுத்துப் போவது சாதாரணம். அப்போது கண் மீனின் மேல் இருக்கக் கூடாது, காலடியில் கிடக்கும் தளர்ந்த நூலின் மேல் இருக்க வேண்டும். அது சட்டைப் பொத்தானிலோ, நூல் சுற்றியிருக்கும் ரீலின் பிடியிலோ சிக்கினால் நரம்பு அறுந்துவிடும். தளர்ந்த நூல் முழுதும் ஓடி, ரீலிலிருந்தே நூல் போகத் தொடங்கிய பிறகு தடியை உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நூல் தாழ்ந்தால் பவளம் அரத்தைப்போல அறுத்துவிடும்.

விடுவதும் ஒரு திறன்

கிறிஸ்துமஸ் தீவுக்கு வருகிறவர்கள் பிடிக்கும் போன்ஃபிஷைத் திரும்ப விட்டுவிடுவதே நடைமுறை. இந்த இனத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ளது என்று பட்டியலிட்டிருக்கிறது. தீவு மக்களுக்கு இது உணவும்கூட. பௌர்ணமியை ஒட்டி மீன்கள் கூட்டமாக முட்டையிடப் புறப்படும் வழிகள் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தெரிந்த வழியில் வலை போட்டால் ஒரே நாளில் ஒரு கூட்டம் முழுவதும் போய்விடலாம். இதே நாட்டின் தலைநகரமான தராவாவில் நடந்தது எச்சரிக்கை: தீவுத் துண்டுகளை இணைத்துக் கட்டிய கடல்சாலைகளும் மிகையான மீன்பிடிப்பும் அங்கே போன்ஃபிஷின் முட்டையிடும் பயணங்களில் பெரும்பாலானவற்றை இல்லாமல் செய்துவிட்டன. உள்ளூர் மீனவர்களின் அறிவைத் திரட்டி ராபர்ட் ஜோஹன்ஸும் பீயிங் யீட்டிங்கும் 2001இல் இதைப் பதிவு செய்தார்கள். மாறாக, உயிரோடு விடப்படும் மீன் அடுத்த வாரமும் ஒரு வழிகாட்டிக்குக் கூலியாகும். அந்த வருமானம், மீனைக் காக்க வேண்டிய காரணத்தைத் தீவுக்கே தருகிறது.

ஆனால் விட்டுவிட்டோம் என்பதால் மட்டும் மீன் பிழைத்துவிடாது. களைத்துத் தள்ளாடும் மீன், திட்டின் விளிம்பில் சுற்றும் சுறாவுக்கு எளிய இரை. அதனால், முள் விரைவாகக் கழலும்படி அதன் கொக்கியைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் வழுவழுப்பான மேல்பூச்சைத் துடைத்துவிடும். படம் எடுக்க ஆசைப்பட்டால் தண்ணீருக்குள் வைத்தே எடுக்கலாம். அது நிமிர்ந்து, தானாக வாலை அடித்துக் கையைவிட்டுப் போகும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும்.

போகும் எண்ணம் இருப்பவர்கள் ஊரிலேயே சிலவற்றைப் பழகலாம். திறந்த மைதானத்தில், முள்ளுக்குப் பதில் ஒரு நூல்குஞ்சம் கட்டி, காற்றடிக்கும் மாலையில் வீசிப் பழகுங்கள். இருபது மீட்டர் தேவையில்லை. பன்னிரண்டு மீட்டரில் ஒரு தட்டத்தின் மேல் விழும்படி வீசத் தெரிந்தால் போதும். வெப்பநாட்டுக்கென்று செய்த நூலையே வாங்குங்கள், குளிர்நாட்டு நூல் இந்த வெயிலில் குழைந்துவிடும். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நகருங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். மாலையில் தடியையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இவற்றோடு, முள்ளைக் கழற்றி மீனை விடும் முறையையும் முதல் மீன் மாட்டுவதற்கு முன்பே வழிகாட்டியிடம் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த மீனுக்கும் அதை நம்பி வாழும் தீவுக்கும், அங்கே கற்க வருகிறவர் செய்ய வேண்டிய முதல் கடமை அது.