கத்துக்கொடுக்கப் போய் நான் கத்துக்கிட்டது

போன வாரம் உங்கள்ல சில பேர் கேட்டிருந்தீங்க: "யோகா டீச்சர் ஆகலாம்னு இருக்கேன், அதுல நமக்கு என்ன கிடைக்கும்?" வருமானம் பத்தி இன்னொரு நாள் பேசலாம். இன்னைக்கு மனசுக்கு என்ன கிடைக்குதுன்னு பார்ப்போம். அதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லணும்.

டிரெய்னிங் முடிச்ச புதுசு. எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடியில காலையில ஆறு மணிக்கு வகுப்பு. வந்தவங்கள்ல ஒரு அக்கா டெய்லர். அன்னைக்கு பச்சிமோத்தானாசனம், அதாவது காலை நீட்டி உட்கார்ந்து முன்னால குனியுறது. அவங்களுக்குக் கை முட்டி வரைக்கும்தான் போச்சு. நான் ஒரு வார்த்தைகூடக் கேட்காம அவங்க முதுகுல கையை வெச்சு அழுத்தினேன். மறுநாள் அவங்க வரல. போன் பண்ணினா, "இடுப்பைப் பிடிச்சுக்கிச்சு பா. பரவாயில்ல, நீ நல்லதுக்குத்தானே செஞ்ச" அப்படின்னாங்க.

திட்டியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. ஏன்னா நான் அதை அவங்க நல்லதுக்காகச் செய்யல. என் வகுப்புல எல்லாரும் காலைத் தொடணும், நான் நல்ல டீச்சர்னு தெரியணும், அவ்வளவுதான் என் மனசுல இருந்துச்சு. நாள் முழுக்கத் தையல் மிஷின்ல குனிஞ்சே இருக்கிற ஒருத்தரை இன்னும் குனிய வெச்சிருக்கேன்!

அதுக்கப்புறம்தான் கிருஷ்ணமாச்சாரியாரைப் பத்தி ஒழுங்கா படிச்சேன். 1888-ல பிறந்து 1989-ல மறைந்தவர். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, மூணு பேருக்கும் அவர்தான் ஆசிரியர். 1930-களில் மைசூர் அரண்மனையில இளைஞர்களுக்கு வேகமான, கடினமான ஆசனங்களைச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சென்னைக்கு வந்து, வயசானவங்க, நோயாளிகள்னு ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பார்த்து, அவங்க உடம்புக்கும் மூச்சுக்கும் ஏத்த மாதிரி பயிற்சியை மாத்திக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல சென்னையில கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கி, அதே வழியில கொண்டுபோனார். ஆளுக்காகத்தான் ஆசனம், ஆசனத்துக்காக ஆள் இல்லை. நான் தலைகீழாப் புரிஞ்சு வெச்சிருந்தேன்.

பதஞ்சலியோட யோக சூத்திரத்துலயும் இதே விஷயம் இருக்கு. கிட்டத்தட்ட 195 சூத்திரங்கள்ல ஆசனத்தைப் பத்தி நேரடியா பேசுறது மூணே மூணு. எட்டு அங்கங்கள்ல ஆசனம் மூணாவதுதான். முதல் அங்கமான யமத்துல முதலாவதா வர்றது அகிம்சை. மேட்டை விரிக்கிறதுக்கு முன்னாடியே தொடங்க வேண்டிய பாடம் அது.

அந்த அக்கா பத்து நாள் கழிச்சுத் திரும்ப வந்தாங்க. மன்னிப்புக் கேட்டேன். "தொடலாமா?"ன்னு கேட்காம இப்போ யாரையும் தொடுறது இல்ல. அவங்களுக்கு நாற்காலியில உட்கார்ந்து கையை மேல தூக்குறது, நெஞ்சை விரிக்கிறது, மூச்சை மெதுவா வெளிய விடுறது, இவ்வளவுதான் கொடுத்தேன்.

சரி, இதுல எனக்கு என்ன கிடைச்சுது?

முதல் விஷயம், கவனம். தனியா பயிற்சி பண்ணும்போது நமக்குள்ள ஓடுற கேள்வி "எனக்கு எப்படி இருக்கு?" என்பதுதான். சொல்லிக்கொடுக்கும்போது அது "அவங்களுக்கு எப்படி இருக்கு?"ன்னு மாறிடுது. யார் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க, யார் தாடையை இறுக்கிக்கிட்டு இருக்காங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். எதிர்ல நின்னு செஞ்சு காட்டும்போது "வலது கை"ன்னு சொல்லிட்டு நான் இடது கையைத் தூக்கணும், அப்பதான் கண்ணாடி மாதிரி அவங்களுக்குச் சரியா தெரியும். இந்த வேலையில நம்ம ஈ.எம்.ஐ., ஆபீஸ் கவலையெல்லாம் ஓட இடமே இருக்காது. ஒரு மணி நேரம் "நான்" கொஞ்சம் ஓரமா போய் உட்கார்ந்துக்குது. ஆன்மிகம்னு நான் சொல்றது இந்த இடத்தைத்தான்.

இரண்டாவது, அமைதி. பதற்றமா பேசினா எதிர்ல இருக்கிறவங்க மூச்சும் வேகமாகும். அதனால என் குரலை இறக்கி, என் மூச்சை நீட்டியாகணும். மூச்சை வெளிய விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், அது உடம்போட இயல்பு. அவங்களுக்காக மெதுவா எண்ணப் போய், நானும் அடங்கிடுறேன்.

மூணாவது, நேர்மை. காலையில "கோபத்தைக் கவனிங்க"ன்னு சொல்லிட்டு, சாயங்காலம் சிக்னல்ல ஆட்டோக்காரர்கிட்ட கத்தினா, அடுத்த நாள் வகுப்புல அந்த வார்த்தை தொண்டையிலேயே நிக்குது. நான் இன்னும் கத்துறேன். ஆனா முன்ன மாதிரி அதுக்கு நியாயம் கற்பிக்கிறது இல்ல.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். "நீங்க வந்தப்புறம்தான் என் வாழ்க்கையே மாறிச்சு"ன்னு யாராவது சொன்னா, தலைக்கு ஏறும். அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். நாம வழி சொல்றோம், நடக்கிறது அவங்கதான்.

போன மாசம் அந்த அக்கா வகுப்பு முடிஞ்சு மேட்டைச் சுருட்டிக்கிட்டே சொன்னாங்க: "இப்பெல்லாம் நூல் அறுந்தா டென்ஷன் ஆகுறதில்ல பா. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் ஊசியில நூலைக் கோக்கிறேன்."

இன்னைக்கும் அவங்க கை காலைத் தொடல. அதைப் பத்தி நாங்க ரெண்டு பேருமே பேசுறது இல்ல.

டீச்சர் ஆகலாமான்னு யோசிக்கிறவங்க, முதல்ல வீட்டுல அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பத்து நாள் சொல்லிக்கொடுத்துப் பாருங்க. அவங்க உடம்பு சொல்றதைக் கேட்கிற பொறுமை உங்களுக்கு வருதான்னு தெரிஞ்சுடும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.