திருச்சிப் பக்கம் வீசும் காற்று

கோப்பெங்கிலிருந்து திருச்சிக்குக் கிளம்புகிறவருக்கு முதல் 240 கிலோமீட்டர் தரைவழிதான். ஈப்போ விமான நிலையம் பக்கத்திலேயே இருந்தும் அங்கிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் கிடையாது. நெடுஞ்சாலையில், கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங் போய்ச் சேர ஏறக்குறைய 3 மணி நேரம். புறப்பாட்டுக்கு 3 மணி நேரம் முன்பே அங்கே இருக்கவும் வேண்டும். வானில் கழியப்போகும் நேரத்தைவிட அதிக நேரம் விமானம் எழும்பும் முன்பே போய்விடுகிறது.

வான்வழித் தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். உருண்டைப் பூமியில் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை ஒரு வளைகோடு. லண்டன் போகும் விமானத்தின் பாதையில் அந்த வளைவு நன்றாகத் தெரியும். கோலாலம்பூரும் திருச்சியும் நிலநடுக்கோட்டை ஒட்டியவை என்பதால் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் கோடே இங்கு ஏறக்குறையப் போதும்.

முன்பு இந்தப் பயணம் கப்பலில் நடந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம்மவர்களைச் சுமந்து வந்தது. இடையில் சுமார் 2,300 கிலோமீட்டர் கடல். மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் 4 இரவு, 4 பகலுக்கு மேல் ஆகும். தோட்டத்தில் வேலை செய்தவர் ஊரில் நடந்த சாவுக்குப் போய்ச் சேர வழியே இருக்கவில்லை. இன்று மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் அதே கடல் 3 மணி நேரத்துக்குள் கீழே கடந்துவிடுகிறது. தூரம் குறையவில்லை, உறவுகள் நெருங்கியிருக்கின்றன. இதை நான் சாதாரண மாற்றமாக நினைக்கவில்லை.

கடிகாரம் ஒரு குழப்பம் தரும். இரவு 8 மணிக்குச் சிப்பாங்கில் கிளம்பி 4 மணி நேரம் பறந்தால் திருச்சியில் மணி 9:30. திரும்பும்போது இரவு 10:30க்கு ஏறினால் இங்கே விடியற்காலை 5 மணி. இரண்டு நாட்டுக்கும் இடையே இரண்டரை மணி நேர வேறுபாடு. 1982க்கு முன்பு அது 2 மணி நேரமாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது.

கடிகாரக் கணக்கை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் போகும் நேரமும் வரும் நேரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை திபெத் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் சூடேறி, அவற்றின் மேலுள்ள வானம் இந்தியப் பெருங்கடலின் மேலுள்ள வானத்தைவிட வெப்பமாகிறது. அந்த வேறுபாடு, பூமியின் சுழற்சியோடு சேர்ந்து, தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டத்தை உண்டாக்குகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கினார். காற்றோட்டத்தின் மையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானங்கள் பறப்பது 11 கிலோமீட்டரை ஒட்டி. அங்கே வேகம் குறைவு, ஆனாலும் தள்ளும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். திருச்சிக்குப் போகையில் அது முதுகைத் தள்ளும், 2 மணி 59 நிமிடம். வரும்போது முகத்தில் மோதும், 3 மணி 22 நிமிடம். ஏறி இறங்கும் நேரமும் ஓடுபாதையில் ஊரும் நேரமும் இதற்கு மேல்.