சுருண்ட பாம்பை அளக்காதீர்கள்!

அமெரிக்காவின் புளோரிடா, ஜார்ஜியா பக்கத்துக் காடுகளிலும் வயலோரங்களிலும் ஒரு பாம்பு உண்டு. ஆரஞ்சு நிற உடம்பு. முதுகு நெடுகக் கறுப்புக் கரை கட்டிய செந்நிறத் திட்டுகள். விஷம் கிடையாது. எலிதான் முக்கியச் சாப்பாடு. அங்கே அதை 'கார்ன் ஸ்நேக்' என்பார்கள். நாம் சோளப்பாம்பு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர் இதை வீட்டில் வளர்க்கிறார்கள். நம் ஊரில் அந்த ஆசை வேண்டாம். சாரை, நல்லபாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, பாம்பு வாங்கப்போகும் அந்த ஊர்ப் பையன் முதலில் என்ன கேட்பான்? "பெட்டி எவ்வளவு பெரிசு வேணும்?"

இங்கேதான் பாம்பு நம்மை ஏமாற்றும். வளர்ந்த சோளப்பாம்புகூடச் சுருண்டு படுத்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிடும். 'இதற்கு எதற்குப் பெரிய பெட்டி?' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது நீண்டால் 120 சென்டிமீட்டர் இருக்கும். சில பாம்புகள் 150-ஐத் தொடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தரையில் மூலைக்கு மூலை கோடு இழுத்தால் எவ்வளவு வரும்? பிதாகரஸ் தேற்றம் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 100 செ.மீ. நம் 120 செ.மீ. பாம்பு குறுக்காகப் படுத்தாலும் வால் மடங்கத்தான் வேண்டும். பெட்டி 120-க்கு 60 என்றால் மூலைக்கோடு 134 செ.மீ. இப்போது முழுசாக நீட்டிப் படுக்கலாம்.

'பாம்பு எங்கே நீட்டிப் படுக்கிறது? அதற்கு இடுக்குதான் பிடிக்கும்' என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் இதைப் பாம்புகளிடமே கேட்டுவிட்டார்கள்! சோளப்பாம்புகளைச் சின்னப் பெட்டியிலும் பெரிய பெட்டியிலும் வைத்துக் கவனித்தார்கள். 2021-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பெரிய பெட்டியில் பாம்புகள் அதிகமாக நடமாடின. இரண்டுக்கும் போய்வர வழி விட்டபோது பெரிய பெட்டியில்தான் அதிக நேரம் இருந்தன.

நீளம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியதாகத் தெரிகிறது. பாம்பின் உடம்பு நம்முடையதைப் போலத் தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதனால் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் விளக்கு வைத்து 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். மறுமுனை 24 டிகிரி வாக்கில் இருக்கும். எலியை விழுங்கிய பாம்பு சூடான பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்தச் சூட்டில்தான் இரை செரிக்கும். குளிர்ந்தே கிடந்தால் விழுங்கியதைக் கக்கிவிடக்கூடும். உடம்பு போதிய அளவு சூடானதும் தானே நகர்ந்து மறுமுனைக்குப் போகும். பெட்டி குட்டையாக இருந்தாலோ, விளக்கின் சூடு இரண்டு முனைக்கும் ஒன்றுபோலப் பரவிவிடும். அப்புறம் பாம்பு எங்கே நகர்ந்து என்ன பயன்?

உயரமும் வேண்டும். சோளப்பாம்பு மரமேறி. ஒரு கிளையைச் சாய்த்து வைத்தால் இரவில் அதில் ஏறி இறங்கும். 60 செ.மீ. உயரம் இருந்தால் நல்லது.

'பெரிய பெட்டியில் விட்டால் பயந்துபோய்ச் சாப்பிடாது' என்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முட்டையிலிருந்து வரும்போது குட்டி 25 செ.மீ. நீளம்தான். வெறும் பெட்டியில் விட்டால் அது மிரளத்தான் செய்யும். மிரட்டுவது இடத்தின் அளவு இல்லை; ஒளிய இடமில்லாததுதான். சூடான முனையில் ஒரு மறைவிடம், குளிர்ந்த முனையில் ஒன்று, நடுவில் சருகும் மரப்பட்டையும் போட்டால் குட்டி நிம்மதியாக இருக்கும். ஒரே ஒரு மறைவிடம் வைத்தால், பயந்த பாம்பு சூடோ குளிரோ அங்கேயே முடங்கிவிடும்.

சென்னையை அடுத்த வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்தவர்கள் கேட்கலாம்: "அங்கே பாம்பை மண்பானைக்குள்தானே வைக்கிறார்கள்?" ஆமாம். இருட்டும் குளிர்ச்சியுமான நல்ல மறைவிடம் அது. ஆனால் விஷம் எடுப்பதற்காகச் சில வாரங்கள் மட்டும் வைத்திருந்து, பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். வீட்டில் வளரும் சோளப்பாம்போ 15, 20 வருஷம் அந்தப் பெட்டியிலேயே வாழும்.

பெட்டி வாங்கியாயிற்று என்றால் மூடியையும் பார்க்க வேண்டும். தலை நுழையும் இடுக்கு கிடைத்தால் போதும், உடம்பையும் நெளித்து வெளியே வந்துவிடும். சறுக்குக் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு போடாதவர்கள், காலையில் அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான்.