செல்ஃப் ஒரு நாள் எடுக்குது... ஒரு நாள் எடுக்கல!

விடியற்காலை நாலரை மணி. சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூரை அடுத்த கிராமம் ஒன்றில், முதல் நாள் மாலை பறித்த கத்திரிக்காய் மூட்டைகள் டீசல் அம்பாசடரில் ஏறியாகிவிட்டது. காரைக்குடிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்ஜின் அசையவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டார்கள். மறுபடி சாவி போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. அடுத்த நான்கு நாள் தொல்லை இல்லை. ஐந்தாம் நாள் மறுபடியும் 'டக்'.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் பத்துத் தடவை போட்டாலும் பத்துத் தடவையும் எடுக்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிப்போகிற கதைதான். இரண்டு மாதத்தில் புது பேட்டரி மாற்றினார். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டார். கோளாறு மட்டும் போகவில்லை. நேரம் தப்பி சந்தைக்குப் போன நாட்களில் வியாபாரிகள் கேட்டதுதான் விலை. அதைவிடப் பெரிய கவலை வீட்டில் இருந்தது. மாமியாருக்கு மூச்சிரைப்பு. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட அந்தத் தெருவுக்கே இருப்பது இந்த ஒரு கார்தான். 'நம்ப முடியாத வண்டி எதுக்கு, தள்ளிவிட்ருவோம்' என்ற பேச்சு அதனால்தான் வந்தது.

திருப்பத்தூரில் பழைய வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் வித்தியாசமாகச் சொன்னார். "அண்ணே, இனிமே வண்டிய இங்க கொண்டு வராதீங்க. எடுக்காம நிக்கிறப்ப போன் பண்ணுங்க. தள்ளாதீங்க, ஆட்டாதீங்க. அப்படியே விட்டுட்டு கூப்பிடுங்க."

நல்ல வைத்தியம் இங்கேதான் தொடங்குகிறது. விட்டுவிட்டு வரும் கோளாறை, அது இருக்கும்போதுதான் பிடிக்க முடியும். பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பது இருட்டில் கல் எறிவது மாதிரி.

ஒரு வாரம் கழித்து விடிகாலையில் போன் போனது. மல்டிமீட்டரோடு டி.வி.எஸ். 50-ல் வந்து இறங்கியவர், முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னார். 'டக்'. வெளிச்சம் மங்கவே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தாலோ, செல்ஃப் இறுகிப்போயிருந்தாலோ வெளிச்சம் சுருங்கும். மங்கவில்லை என்றால் செல்ஃபுக்குப் போகவேண்டிய கரன்ட் போகவே இல்லை, வழியில் எங்கோ தடை என்று அர்த்தம். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது. முழு சார்ஜ்.

பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும், இன்னொன்றை இன்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்தார். சாவியைத் திருப்பும்போது அங்கே அரை வோல்ட்டுக்குள்தான் காட்ட வேண்டும். காட்டியது நான்கு வோல்ட்டுக்கும் மேல்.

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரன்டைக் கடத்தாது. அதனால் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று போகும். அதுதான் எர்த் பட்டை. டீசல் இன்ஜினின் செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அந்தப் பட்டையில் 0.02 ஓம் தடை வந்தாலே போதும், 4 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். ஹெட்லைட்டுக்கு இந்தப் பட்டையே தேவையில்லை. அதனால்தான் 'லைட் பளிச்னு எரியுதே' என்று எல்லோரும் ஏமாந்தார்கள்.

குனிந்து பார்த்தபோது பட்டையின் இழைகள் பாதிக்கு மேல் அறுந்து, போல்ட் அடியில் பச்சை பூத்திருந்தது. இன்ஜினை ஆஃப் செய்யும்போது ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும் அல்லவா? நிற்கிற வாகைப் பொறுத்து இழைகள் ஒட்டினால் ஸ்டார்ட், விலகினால் 'டக்'. வண்டியை ஆட்டியதும் எடுத்த மர்மமும் அதுதான்.

எலக்ட்ரீஷியன் இன்னொன்றும் கேட்டார். "ஸ்டாப் குமிழ் எப்பவாவது சுட்டிருக்காண்ணே?"

"ஆமா தம்பி, சுடும். இன்ஜின் சூடுன்னு நெனச்சேன்."

"காலைல நாலரைக்கு இன்ஜின் ஏது சூடு?"

எர்த் பட்டை அறுந்தால் கரன்ட் வேறு வழி தேடும். இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சுட வைக்கும். இந்த வண்டியில் கேபிள் உறை ஓரிடத்தில் உருகியே இருந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கவும் வழி உண்டு.

மீட்டர் இல்லாதவர்கள், தடிமனான ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் கடித்துவிட்டு சாவி போடலாம். உடனே எடுத்தால் எர்த்தில்தான் கோளாறு. எடுக்கவில்லை என்றால் பாசிட்டிவ் கேபிள், சாலினாய்டு, சாவி சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு நோய். டீசல் வண்டியில் லைனில் காற்று, ஹீட்டர் ப்ளக். பழைய பெட்ரோல் வண்டியில் பாயிண்ட், காயில்.

அம்பாசடர் உற்பத்தி உத்தர்பாராவில் 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் இந்தப் பட்டைக்கு அலைய வேண்டியதில்லை. டிராக்டருக்குப் போடும் அதே மாதிரிப் பட்டை போதும். இரண்டு பக்கமும் பெயின்ட், எண்ணெய், துரு போக உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வேசலின் தடவினார். மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட். ஸ்டாப் கேபிளையும் புதிதாக மாற்றினார்.

செல்ஃப் எடுக்காதபோது ஸ்க்ரூடிரைவரால் சாலினாய்டு முனைகளை 'ஷார்ட்' செய்து கிளப்பும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. டிராக்டரில் இதைச் செய்பவர் பின் சக்கரத்துக்கு முன்னால்தான் நிற்பார். கியரில் கிடந்தால் வண்டி அவர் மேலேயே ஏறிவிடும். இப்படி உயிர் போயிருக்கிறது. இந்த எலக்ட்ரீஷியன் காரைக்கூட, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் தொடுகிறார்.