மூச்சு வாங்கினாலும் நிற்காத குழல்

குடியரசு தின அணிவகுப்பில், அக்குளில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு, தோளில் மூன்று குழல்கள் நீட்டி நிற்க, ஊதியபடியே நடந்துவரும் ராணுவ வீரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கருவி பேக்பைப். அவர்களிடம் இருப்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டு வகை.

ஊதுகிறவர் மூச்சு வாங்குவார். பாட்டு மட்டும் அறுபடாது. காரணம் அந்தப் பை. வாயிலிருந்து போகும் காற்று முதலில் பையை நிரப்புகிறது. நடுவில் ஒரு வால்வு இருப்பதால் திரும்பி வராது. அவர் மூச்சு இழுக்கும் நொடியில் கை பையை அழுத்த, காற்று சீவாளிக்குப் போய்விடும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்குவாரே, அந்தக் கன்னத்தின் வேலையை இங்கே பை செய்கிறது. தோளில் நிற்கும் குழல்களுக்கும் சுருதி பிடிப்பதுதான் வேலை. குட்டையான இரண்டும் ஒரே சுருதி. நீளமானது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே.

பாட்டு பிறப்பது விரல் வைக்கும் குழலில். அதில் 9 சுரங்கள்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காற்று நிற்காது என்றால் ஒரே சுரத்தை இரண்டு தடவை எப்படி வாசிப்பது? 'ஸ, ஸ' என்பது 'ஸாஆஆ' என்று ஒரே இழுப்பாகிவிடுமே! புல்லாங்குழலில் நாக்கால் காற்றை வெட்டலாம். இங்கே நாக்குக்கும் சீவாளிக்கும் நடுவில் பை அல்லவா இருக்கிறது!

ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டு 'ஸ'வுக்கும் நடுவில் வேறொரு சுரத்தை இமைப்பொழுது தொட்டுவிட்டு வருகிறார்கள். நம் காது அதைத் தனிச் சுரமாக எண்ணாது. ஒரு வெட்டாக எடுத்துக்கொள்ளும். சத்தத்தை விருப்பப்படி கூட்டிக் குறைக்க முடியாத கருவி என்பதால், தாளத்துக்கு அழுத்தம் கொடுப்பதும் இந்தத் தொடுகைகள்தான்.

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நார்தம்பர்லாந்தில் குழலின் அடிவாயையே அடைத்துவிட்டார்கள். எல்லாத் துளைகளையும் மூடினால் அந்தக் குழல் பேசாது. ஒரு விரலைத் தூக்கி வைத்தால் ஒரு சுரம், 'டக்'கென்று தனியாக. எனக்கென்னவோ இதுதான் பலே கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

அயர்லாந்தின் இல்லன் பைப்ஸை வாயால் ஊதுவதே இல்லை. ஒரு முழங்கை துருத்தியை அடிக்க, மறுகை பையை அழுத்தும். மூச்சின் ஈரம் சீவாளியில் படாது. சுரத்தை வெட்ட, துளைகளை மூடிக் குழலின் அடியைத் தொடையில் அழுத்துகிறார்கள். அப்படியே பையையும் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும். 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த வாசிப்பைச் சேர்த்தது. தொடை வேண்டும் என்பதால் இதை உட்கார்ந்துதான் வாசிக்கிறார்கள்; அணிவகுப்புக்கு ஆகாது.