நூல் பயிலும் முறை

பள்ளியில் நன்கு தேறிய மாணவர் சிலர், கல்லூரியிற் புகுந்த முதலாண்டிலேயே ஊக்கம் குன்றிவிடுகின்றனர். ஒரு பக்கத்தை மும்முறை படித்தும் பொருள் விளங்காதபோது, ‘உயர்கல்வி நமக்கு எட்டாது’ என்று தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்க்கு இவ்வெண்ணம் எளிதில் தோன்றும். சிலர் படிப்பையே விட்டுவிடுவதும் உண்டு. உண்மையில் அவருடைய குறை அறிவில் இல்லை. படிக்கும் முறையிலேயே உள்ளது. கதையைப் படிப்பது போல ஆய்வு நூலைப் படித்தல் இயலாது. அதற்குரிய முறை யாது என்பதனை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்க நாட்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளநூற் பேராசிரியராக விளங்கிய பிரான்சிசு இராபின்சன் என்பார், 1946-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், கற்கும் முறையை ஐந்து படிகளாக வகுத்தார். முழுதும் நோக்கல், வினாவல், படித்தல், சொல்லிப் பார்த்தல், மீள நோக்கல் என்பன அவை. இவை நம் முன்னோர்க்குப் புதியன அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தில், இவற்றோடு ஒத்த கருத்துகள் பல காணப்படுகின்றன.

முதலாவது, நூலை முழுதும் நோக்கல். திருத்தணி மலைக்கு முதன்முறையாக வருவோர், அடிவாரத்தில் நின்று மலையை ஒருமுறை அண்ணாந்து நோக்குவர். ஏறும் வழியையும் இளைப்பாறும் இடத்தையும் அறிந்துகொண்டே படியேறத் தொடங்குவர். நூலுக்கும் அத்தகைய நோக்கு வேண்டும். நம் நூல்களில் அதற்கெனவே பாயிரம் அமைந்தது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் சிறப்புப்பாயிரம் அறிவிக்கும். இக்காலத்து நூல்களில் முன்னுரை, பொருளடக்கம், இயல்தோறும் உள்ள தலைப்புகள், முடிவுரை ஆகியன அப்பணியைச் செய்கின்றன. இவற்றை முதலிற் பார்ப்பதற்குக் கால்மணி நேரம் போதும். நூல் எங்கே தொடங்கி எங்கே சென்று முடிகிறது என்பது அதனாற் புலப்படும்.

இரண்டாவது, வினாவல். இதன் ஆற்றலுக்குத் திருத்தணி மண்ணே சான்று தருகிறது. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவ்வூரிற் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன். எளிய குடும்பத்தினரான அவர், திருத்தணி, திருப்பதி, வேலூர் ஆகிய ஊர்களிற் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்று சிலர் கூறிய குறை அவர் உள்ளத்தை உறுத்தியது. அவர் சினந்து வாளா இருந்தாரில்லை; ‘இக்கூற்று மெய்தானா?’ என்னும் வினாவோடு நூல்களை ஆராய்ந்தார். அதன் பயனாக வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி அவர் முதுகலைப் பட்டத்திற்கு எழுதிய ஆய்வுரை, 1908-இல் அச்சேறியது. அப்பொழுது அவருக்கு வயது இருபது. பிற்காலத்தில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், 1962 முதல் 1967 வரை இந்தியக் குடியரசுத் தலைவராகவும் அவர் விளங்கினார். வினாவின்றிப் படிப்பவர் சொற்களைக் கடந்து செல்வர். வினாவோடு படிப்பவர் விடையைத் தேடிச் செல்வர்.

மூன்றாவது, படித்தல். அறியாத சொல் ஒவ்வொன்றிலும் நின்று அகராதியைப் புரட்டுவோமாயின் கருத்தின் தொடர் அறுந்துபோம். முதற்படிப்பில் அச்சொற்களைக் குறித்துக்கொண்டு மேலே செல்லுதல் வேண்டும். நூலின் உயிராய் நிற்கும் கலைச்சொற்களுக்கு மட்டும் பொருளை உடனே தெளிதல் வேண்டும். ஆசிரியரின் கொள்கை யாது, அதற்குக் காட்டும் காரணம் யாது, எடுத்துக்காட்டு யாது என்று பிரித்தறிதலும் வேண்டும். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என்னும் இரு பகுதிகளை உடையது. பரபக்கத்தில் அவர் பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கிறார். சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவுகிறார். பரபக்கத்தை மேலோட்டமாகப் படிப்பவன் மறுக்கப்படும் கொள்கையையே ஆசிரியர் கொள்கை என மயங்குவான். இன்றைய ஆய்வு நூல்களிலும் இவ்விரு பக்கங்களும் விரவி வருதலின், ‘இங்கே பேசுபவர் யார்?’ என்று கேட்டுக்கொண்டே படித்தல் நன்று.

நான்காவது, சொல்லிப் பார்த்தல். ஓர் இயல் முடிந்ததும் நூலை மூடிவிட்டு, அதன் கருத்தைத் தன் சொல்லால் உரைத்துப் பார்த்தல் வேண்டும். தமிழும் தெலுங்கும் வழங்கும் திருத்தணி போன்ற எல்லையூர் மாணவர்க்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆங்கில நூலிற் கற்றதை ஒருவனுக்குத் தமிழிலும் மற்றொருவனுக்குத் தெலுங்கிலும் விளக்கிக் கூறலாம். மனப்பாடம் செய்த தொடர் மொழி மாறும்போது துணை நில்லாது. விளங்கிய பொருளே நிற்கும். ஆசிரியரிடம் கேட்பதனால் கிடைப்பது புலமையிற் காற்பங்கே எனவும், உடன் பயில்வாரோடு பழகுவதனால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும் எனவும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதனால் நிரம்பும் எனவும் நன்னூலார் கணக்கிட்டது இது கருதியே ஆகும்.

ஐந்தாவது, மீள நோக்கல். இருமுறை கேட்டவனிடம் பிழை குறையும் என்றும், மும்முறை கேட்டவன் பிறர்க்கு உரைக்க வல்லவனாவான் என்றும் அவர் கூறுகின்றார். தேர்வுக்கு முதல்நாள் இரவில் பத்து முறை படிப்பதினும், சில நாள் இடைவிட்டு மும்முறை படிப்பது பயன் மிகத் தரும்.

மாணவர்களே! நாளை உங்கள் கையில் அரிய நூலொன்று வந்து, அதன் முதற்பக்கம் விளங்காது போயின், ‘எனக்கு அறிவில்லை’ என்று நூலை மூடிவிடாதீர்கள். முன்னுரைக்குத் திரும்புங்கள், ஒரு வினாவை எழுதிக்கொள்ளுங்கள், மீண்டும் படியுங்கள், விளங்கிய சிறிதளவையேனும் தோழர்க்குச் சொல்லுங்கள். எவரும் ஒரே படிப்பில் அரிய நூலைக் கற்றுவிடுவதில்லை. முறையறிந்து பயில்வார்க்கு எட்டாத நூல் இல்லை.