தாழ்வாக எரிய வேண்டிய விளக்கு

நீலகிரியின் பல தோட்டங்களில் கேரட் அறுவடை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். கழுவி மூட்டை கட்டிய சரக்கு நேரத்தோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் பிக்கப் வண்டிகள் இருட்டிலேயே குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் மலையிறங்குகின்றன. கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியது போலாகிவிடும். ஹை பீம் போட்டால் இன்னும் மோசம். அப்படி ஓர் இரவு வண்டி ஓட்டியவர், மறுநாளே ஃபாக் லைட் மாட்டக் கிளம்பிவிடுவார்.

விலை குறைந்த மாடல்களின் பம்பரில் ஃபாக் லைட்டுக்கு வட்டமாக இடம் விட்டிருப்பார்கள், விளக்கு இருக்காது. வயரிங் கடையில் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சுவிட்சைத் தட்டினால் எரிகிறது, காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறோம். டேஷ்போர்டு சுவிட்ச் உருகுவது, எதிரே வருபவர் கண் கூசித் தடுமாறுவது, வண்டி தீப்பிடித்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பது ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் அந்த அரை மணி நேர வேலையில்தான் விதை விழுகிறது.

முதலில் இந்த விளக்கின் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். ஹெட்லைட் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஒளியைக் கூட்டினால் திரும்பி வருவதும் கூடும். ஃபாக் லைட் பம்பரின் கீழ்ப்பகுதியில், ஓட்டுநரின் பார்வைக் கோட்டுக்கு வெகுவாகக் கீழே இருக்கிறது. அதன் ஒளிக்கற்றையின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக முடியும். மேலே ஒளி போகாது. பக்கவாட்டில் மட்டும் அகலமாகப் பரவும். சாலையோர வெள்ளைக் கோடு, தடுப்புச் சுவரின் அடிப்பகுதி, தார் முடியும் விளிம்பு ஆகியவற்றைக் காட்டுவதே அதன் பணி. தொலைவைக் காட்டுவதற்காக அது செய்யப்படவே இல்லை.

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறுகிறது. மஞ்சள் ஒளி சிலருக்குக் கண் கூச்சத்தைக் குறைக்கலாம். அந்த அளவில் அது நல்லதே. ஆனால் பலன் தருவது ஒளிக்கற்றையின் வடிவமும் விளக்கின் உயரமும்தான். நல்ல ஃபாக் லைட் இருந்தாலும் வேகம் குறைந்தே ஆக வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. எதையோ கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 16 மீட்டருக்கு மேல் கடந்திருக்கும்.

இனி வயரிங். ஹாலஜன் பல்பு 55 வாட் என்றால், இரண்டுக்கும் சேர்த்து 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இந்த மின்னோட்டம் முழுவதையும் டேஷ்போர்டில் உள்ள சின்னஞ்சிறு சுவிட்ச் வழியாக விடுவதுதான் அவசர வேலைகளில் அடிக்கடி காணப்படும் தவறு. பார்க்கிங் லைட்டுக்குப் போகும் மெல்லிய வயரின் தோலைச் சீவி, அதிலேயே இன்னொரு வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது அடுத்த தவறு. அப்படி முறுக்கிய இணைப்பில் தடை வெறும் 0.2 ஓம் இருந்தால்கூட, 9 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் சுமார் 16 வாட் வெப்பம் உண்டாகும். டேப்பின் பசை இளகும், வயரின் தோல் உருகும், பக்கத்து வயரோடு ஒட்டும். மழைநீரும் சேற்றுத் தண்ணீரும் படும் இடம் வேறு. செம்பு பச்சை பூத்து, தடை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

இதற்குத் தீர்வு ரிலே. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தனி வயர், அதில் 15 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற கால், 87 என்ற காலிலிருந்து விளக்குகள் என்பதுதான் மின்சாரம் போக வேண்டிய வழி. 85, 86 ஆகிய இரண்டும் ரிலேக்குள் இருக்கும் சுருளின் முனைகள். ஒன்று சுவிட்சுக்கு, இன்னொன்று எர்த்துக்கு. அந்தச் சுருளுக்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. சுவிட்ச் அந்தச் சிறு மின்னோட்டத்தை மட்டும் கையாளும். 9 ஆம்பியரைச் சுமப்பது ரிலே. ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். தவறி அதில் விளக்கை இணைத்துவிட்டால் சுவிட்ச் அணைந்திருக்கும்போது விளக்கு எரியும், போட்டால் அணையும்.

ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்பதைக் கடையில் நின்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்துப் பயனில்லை. அது காப்பது வயரைத்தான். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள வயர் எங்காவது இரும்பில் உரசினால், பேட்டரியின் முழு வலுவும் அதன் வழியே பாயும், தடுக்க ஆளில்லை. ஆகவே பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். வயர் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, லக் வைத்து போல்ட்டால் இறுக்க வேண்டும்.

வேலை ஒழுங்காக நடந்ததா என்று அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடும்போது, விளக்கு எரிந்துகொண்டிருக்கையில், பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட், பல்பின் முனைகளில் எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லலாம். அரை வோல்ட் வரை குறைந்தால் பரவாயில்லை. ஹாலஜன் பல்புக்கு 10 சதவீத மின்னழுத்தம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். “இந்த பல்புல வெளிச்சமே இல்லண்ணே, 100 வாட் போட்டுக்கலாம்” என்று கடைக்காரர் சொல்லும் இடம் பெரும்பாலும் இதுதான். குறை வயரில் இருக்கிறது. 100 வாட் பல்பு அதே வயரை இன்னும் சூடாக்கும், விளக்கின் பிளாஸ்டிக் கூட்டையும் இளக்கும்.

சுவிட்சுக்கான ஊட்டத்தை மட்டும் பார்க்கிங் லைட் சுற்றிலிருந்து எடுப்பது நல்லது; ரிலே இருப்பதால் அதில் ஓடுவது சுருளின் சிறு மின்னோட்டம்தான். நேரே பேட்டரியிலிருந்து எடுத்தால், வண்டியை நிறுத்திவிட்டு ஃபாக் லைட்டை அணைக்க மறந்தவர் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். பி.எஸ்.6 காலத்து வண்டிகள் பலவற்றில் விளக்குகளின் மின்னோட்டத்தை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கண்காணிக்கிறது. அவற்றில் வயரை வெட்டுவதே தவறு. அந்த மாடலுக்கென்றே வரும் கப்ளர் பொருத்திய ஹார்னஸ் வாங்கினால், ஒரு வயரையும் வெட்டாமல் மாட்டிவிடலாம்.

எல்.இ.டி. பல்பு பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஹாலஜன் பல்புக்குள் இழை எந்த இடத்தில் எரிகிறதோ, அந்தப் புள்ளியை மையமாக வைத்துத்தான் ரிஃப்ளெக்டர் வடிவமைக்கப்படுகிறது. அதே கூட்டில் எல்.இ.டி. பல்பைத் திணித்தால் ஒளி பிறக்கும் இடமும் அளவும் மாறிவிடுகின்றன. ஒளிக்கற்றையின் மேல் விளிம்பு கலைந்து, வெளிச்சம் மேலே தெறிக்கிறது. ஓட்டுநருக்கு வண்டியின் முன்னால் பளிச்சென்று தெரிவதால் நல்ல பல்பு என்றே தோன்றும். எதிரே இரு சக்கர வாகனத்தில் வருபவருக்குச் சில நொடிகள் சாலையே தெரியாது. மலைப்பாதையில் அந்தச் சில நொடிகள் போதும், உயிர் போக.

பிக்கப்புக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. ஒன்றரை டன் ஏற்றியதும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் அமுங்கி, வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். காலி வண்டியில் சரியாக அமைத்த விளக்கும் அப்போது எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும். ஆகவே வழக்கமான சரக்கோடு, சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்க்க வேண்டும். சுவரில் விழும் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் மையத்தைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் தாழ இருக்க வேண்டும்.

சட்டமும் இந்தக் கண் கூச்சத்தைத்தான் முதலில் பார்க்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன்பக்க விளக்கின் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு அளவும் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்திருப்பவருக்குக் கூசக் கூடாது. ஓட்டுநர் தேவைப்படும்போது தாழ்த்திக்கொள்ளக்கூடிய விளக்குக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. 111ஆவது விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி முன்பக்கத்தில் ஸ்பாட் லைட், தேடுவிளக்கு வைப்பதைத் தடை செய்கிறது. கேபின் கூரை மேல் வரிசையாகக் கட்டும் எல்.இ.டி. பட்டைகளை ஃபாக் லைட் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உயரத்தில் இருக்கும் விளக்கு பனியில் உதவவும் உதவாது.

வண்டியில் செய்யும் மாற்றம் பற்றியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தனியாகத் தண்டனை குறிப்பிடாத விதிமீறல்களுக்கு 177ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். மாட்டிக் கொடுத்த கடைக்காரர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க மாட்டார். அபராதம் வண்டிக்காரர் தலையில்தான் விழும். அதே மாடலின் உயர்ரக வண்டிக்குத் தயாரிப்பாளர் தரும் ஃபாக் லைட்டை, அவர் பம்பரில் ஒதுக்கிய இடத்திலேயே மாட்டிக்கொள்வதுதான் வம்பில்லாத வழி. பொருட்களைச் சுமக்கும் வாடகை வண்டிகளுக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காகக் காட்ட வேண்டியிருப்பதால், கண்டபடி மாட்டிய விளக்கு அங்கேயும் சிக்கும்.

வயரிங் கோளாறால் நட்டம் வந்தால் கேட்க வழி இருக்கிறதா? இருக்கிறது, அதற்கு பில் வேண்டும். வண்டி எண், தேதி, பல்பின் வாட், ரிலே, ஃப்யூஸின் ஆம்பியர், கூலி எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கேட்டு வாங்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் இணைப்புகளை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. அதைக் காட்டி, ‘வாடகை வண்டிக்கு நுகர்வோர் வழக்கு செல்லாது’ என்று மிரட்டுபவர்கள் உண்டு. சுயதொழிலாகப் பிழைப்புக்காகவே வண்டி வைத்து ஓட்டுபவருக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே புகார் மனுவில் அந்த விவரத்தை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. வழக்குக்கு முன் சமரசமாகத் தீர்க்கப் பார்ப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

வாரன்ட்டி விஷயத்தில், வெளியே வயரிங் செய்ததாகச் சொல்லி சர்வீஸ் சென்டர் மறுத்தால், எந்தப் பாகம் எதனால் கெட்டது என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஃபாக் லைட்டுக்கும் கிளட்ச்சுக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு ஆணையத்தில் வாதாட அந்தக் காகிதம்தான் துணை.

காப்பீட்டில் இன்னும் கவனம் தேவை. தயாரிப்பாளரின் விலைப் பட்டியலில் சேராத மின் துணைப்பொருள்களுக்கு ஐ.எம்.டி. 24 என்ற ஒப்புதல் பிரிவின் கீழ் தனி பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்க்க முடியும். ஃபாக் லைட் மாட்டியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கு இதைத் தெரிவித்து, பாலிசியில் பதிவானதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான பாலிசி தீயையும் தானாகப் பற்றிக்கொள்வதையும் ஏற்கிறது; மின் கோளாறால் மட்டும் வந்த பழுதை ஏற்பதில்லை. சர்வேயர் வந்து டேப் சுற்றிய முறுக்கு வயரைப் பார்த்தால், விவாதம் இந்த இடத்தில்தான் தொடங்கும். பில்லும் படங்களும் அப்போது கைகொடுக்கும். இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்கவும் தேவையில்லை.